அழித்து எழுதிய விடை: கல்லூரியில் படைப்பாற்றலை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்பியல் முதலாண்டு லேப். தனி ஊசல் சோதனை. நூலில் தொங்கும் உலோகக் குண்டை ஆட்டிவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். அன்று முப்பது அப்சர்வேஷன் நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் பாடப்புத்தகம் சொல்லும் 9.8-ஐ ஒட்டிய விடை. ஒரு மாணவியின் நோட்டில் மட்டும் தாள் தேய்ந்து ரப்பர் தடம் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 100 செ.மீ. நீளத்துக்கு முதலில் 41.5 வினாடி என்று எழுதியிருக்கிறாள், விடை 9.17. பிறகு அதை அழித்து, 40.1 என்று மாற்றி, 9.82 என்று முடித்திருக்கிறாள்.

"ஏனம்மா அழித்தாய்?" என்று கேட்டேன்.

"தவறாக வந்துவிட்டது சார். பக்கத்து டேபிளில் எல்லாருக்கும் நாற்பதுதான் வந்தது."

குண்டை எப்படி ஆட்டினாய் என்று கேட்டேன். எண்ணுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று நன்றாக இழுத்து விட்டதாகச் சொன்னாள். அப்படியானால் 41.5 தவறே இல்லை. நாம் கற்றுத்தரும் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். கோணம் 45 பாகையாக இருந்தால் அலைவு நேரம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடிவிடும். அந்த வகுப்பில் புதிதாக ஒன்றை அளந்தவள் அவள் ஒருத்திதான். அதை அவளே அழித்துவிட்டாள். அழிக்கும்படி அவளைப் பழக்கியதில் பள்ளிக்கும் எங்களுக்கும் பங்கு உண்டு.

படைப்பாற்றல் குறித்துக் கருத்தரங்கம் நடத்துகிறோம், மன்றம் தொடங்குகிறோம், பதாகை வைக்கிறோம். மாணவர் கேள்வி கேட்கும் இடமோ லேபிலும் நோட்டிலும் விடைத்தாளிலும் இருக்கிறது. அங்கே மாற்றம் வராமல் வேறெங்கும் வராது என்பது என் உறுதியான எண்ணம். இந்த வழிகாட்டியை ஆசிரியர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

படி 1: மாணவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள்

செமஸ்டரின் முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று கேள்விகள் போதும். படைப்பாற்றல் உள்ளவர் என்று நீங்கள் கருதும் ஒருவர் யார், ஏன்? நீங்கள் கடைசியாகப் புதிதாக ஒன்றைச் செய்தது எப்போது? உங்கள் பாடத்தில் படைப்பாற்றலுக்கு இடம் உண்டா?

என் வகுப்புகளில் வரும் விடைகள் ஆண்டுதோறும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதல் கேள்விக்கு ஓவியர், இசையமைப்பாளர், விளம்பரம் எடுப்பவர். இரண்டாவதற்குப் பலர் எதுவும் எழுதுவதில்லை. சிலர் கோலம், பிறந்தநாள் அட்டை, கல்லூரி விழாவுக்குச் செய்த அலங்காரம் என்று எழுதுவார்கள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் "இல்லை". ஒரு தாளில், "எனக்கு அதெல்லாம் வராது, நான் கணக்கு குரூப்" என்று இருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆக, மாணவர் மனத்தில் மூன்று நம்பிக்கைகள் வேரோடியிருக்கின்றன: அது கலைக்கு உரியது, பிறவியிலேயே வருவது, பாடத்துக்கு வெளியே இருப்பது. இவற்றைத் திட்டிப் பயனில்லை. ஆராய்ச்சியாளர்களே இந்தப் பக்கம் திரும்பத் தாமதமானது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக 1950-இல் உரையாற்றிய கில்ஃபோர்டு, உளவியலாளர்கள் படைப்பாற்றலை அறவே புறக்கணித்துவிட்டார்கள் என்று வருந்திய பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் எளிது: புதியதாகவும் இருக்க வேண்டும், செய்யும் காரியத்துக்குப் பொருந்தவும் வேண்டும். புதியது மட்டும் என்றால் உளறலும் அதில் அடங்கிவிடும்.

அடுத்த வகுப்பில் இதைச் சொல்லுங்கள். கூடவே, காஃப்மன், பெகெட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் முன்வைத்த நான்கு நிலைகளையும் சொல்லுங்கள். கற்றுக்கொள்ளும்போது நமக்கு நாமே புதிதாக ஒன்றை உணர்வது முதல் நிலை. அன்றாட வாழ்வில் புதுவழி காண்பது இரண்டாவது. தொழில்முறைப் படைப்பு மூன்றாவது. உலகையே மாற்றுவது நான்காவது. நம் மாணவர்கள் நான்காவதை மட்டுமே படைப்பாற்றல் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். கல்லூரியின் வேலை முதலிரண்டில்தான் இருக்கிறது. ஊசலை இழுத்துவிட்டு 41.5 என்று எழுதியது முதல் நிலை.

படி 2: "மின்னல்" நம்பிக்கையை நம் ஊர்க் கதைகளைக் கொண்டே உடையுங்கள்

புதிய யோசனை மின்னல்போல் திடீரென வெட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அதை உடைக்க நியூட்டனின் ஆப்பிள் வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியின் கதைகளே போதும்.

சி.வி. ராமன் அங்கே மாணவராக இருந்தபோது, ஒளியின் கோணங்களை அளக்கும் சாதாரண நிறமாலைமானியை வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். இன்றும் பி.எஸ்சி. மாணவர் ஒவ்வொருவரும் செய்கிற அதே சோதனை. ஒளி முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது தோன்றும் விளிம்புவிளைவுப் பட்டைகள் (ஒளி விளிம்பில் வளைவதால் உண்டாகும் பட்டைகள்) இருபுறமும் ஒரே சீராக இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. சோதனைக்கு அது தேவையே இல்லை. கோணத்தைக் குறித்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் அங்கேயே நின்றார். 1906-இல், 18 வயதில், அது லண்டனின் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் கட்டுரையாக வந்தது.

பின்னாளில் வானியற்பியலாளராகப் புகழ்பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1928-இல் அதே கல்லூரியில் மாணவர். சென்னைக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டைப் போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் அணுவியல் நூலை அவர் முன்பே ஊன்றிப் படித்திருந்தார். அந்த நூலில் உள்ள கொள்கை பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயற்பியல் வந்துவிட்டது என்று அந்த நூலின் ஆசிரியரே சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த தம் கட்டுரை ஒன்றின் படியையும் கொடுத்தார். அடுத்த ஆண்டே, இளநிலைப் பட்டம் பெறுமுன், சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லிவிட்டு மாணவர்களிடம் ஒன்று கேளுங்கள்: மின்னல் எங்கே வெட்டியது? ராமனுக்கு ஒளியியல் தெரிந்திருந்ததால்தான் அந்தச் சீரின்மை கண்ணில் பட்டது. சந்திரசேகர் பழைய நூலைக் கரைத்துக் குடித்திருந்ததால்தான் புதியதைச் சில மாதங்களில் பிடித்துக்கொண்டார். மனப்பாடம் படைப்பாற்றலுக்கு எதிரி என்று மேடையில் பேசுவது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிப்படை தெரியாதவருக்குத் தம் நோட்டில் 41.5 வந்தது வியப்பாகவே இருக்காது. மனப்பாடத்தோடு படிப்பு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

படி 3: விடையைத் தேடுமுன் கேள்வியைத் தேட விடுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இது. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கெட்சல்ஸ், சிக்சென்ட்மிஹாயி என்ற இரு ஆய்வாளர்கள் சிகாகோ கலைப்பள்ளியின் மாணவர்கள் 31 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். மேசைகளில் 27 பொருள்கள். வேண்டியவற்றை எடுத்து வேறொரு மேசையில் அடுக்கி, ஓர் ஓவியம் வரைய வேண்டும். சிலர் இரண்டு மூன்று பொருள்களை எடுத்து உடனே வரையத் தொடங்கினார்கள். சிலர் பல பொருள்களை எடுத்து, திருப்பி, தடவிப் பார்த்து, அடுக்கிக் கலைத்து, நெடுநேரம் கழித்தே தொடங்கினார்கள், வரையும்போதும் மாற்றினார்கள். இரண்டாம் வகையினரின் ஓவியங்களையே வல்லுநர்கள் கூடுதல் புதுமை உடையவை என்று மதிப்பிட்டார்கள். 1976-இல் இது நூலாக வந்தது. சோதனைக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஓவியர்களாக நிலைத்தவர்களிலும் அவர்களே முன்னணியில் இருந்தார்கள். என்ன வரைவது என்ற கேள்வியோடு மல்லுக்கட்டிய நேரம் வீணாகவில்லை.

நம் வகுப்பில் கேள்வியை யார் தேடுகிறார்கள்? கேள்வித்தாள் தயாரிப்பவர். மாணவருக்கு எப்போதும் ஆயத்தக் கேள்விதான்.

இதை மாற்ற நான் செய்வது இதுதான். ஒவ்வொரு மாணவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. பெயர் "கேள்வி நோட்டு". ஒவ்வொரு லேப் வகுப்பின் முடிவிலும் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய வேலையில் எழுந்த ஒரு கேள்வியை எழுத வேண்டும். விடை எழுதக்கூடாது. முதல் மூன்று வாரம் வருபவை பாடப்புத்தகக் கேள்விகளே: "தனி ஊசல் என்றால் என்ன?" பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டிக்கவோ திருத்தவோ வேண்டாம். பக்கத்தின் ஓரத்தில், "இதன் விடை உனக்கே தெரியுமே, தெரியாத ஒன்றைக் கேள்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். நான்காம் வாரத்திலிருந்து தொனி மாறும். "குண்டுக்குப் பதிலாக எலுமிச்சம்பழத்தைக் கட்டினால்?" "மின்விசிறி ஓடும்போதும் ஓடாதபோதும் ஒரே விடையா?" "முதல் அலைவுக்கும் இருபதாவது அலைவுக்கும் ஒரே நேரம்தான் ஆகிறதா?"

செமஸ்டரின் கடைசி இரண்டு லேப் வகுப்புகளை இதற்கென ஒதுக்குங்கள். தம் நோட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து அதற்கான சோதனையை மாணவரே வடிவமைக்க வேண்டும். ரப்பர் தடம் தெரிந்த அந்த மாணவி எடுத்துக்கொண்டது கோணத்தைத்தான். கோணமானியை அட்டையில் ஒட்டி, 10 பாகையிலிருந்து 60 பாகை வரை பத்துப் பத்தாக அளந்தாள். 60 பாகையில் கோட்பாட்டின்படி அலைவு நேரம் 7 சதவீதம் கூட வேண்டும். அவளுக்கு அதைவிடக் குறைவாகவே கூடியது. ஏன் என்று இரண்டு நாள் யோசித்து, ஆடும்போதே கோணம் சுருங்கிவிடுகிறது, இருபது அலைவு வரை காத்திருக்கக்கூடாது என்று கண்டுபிடித்து, ஐந்து அலைவுகளாகக் குறைத்து மீண்டும் அளந்தாள். அந்த இரண்டு நாளில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் என் பணியில் நான் செய்த கடினமான காரியம்.

இதோடு ஒரு சிறு விதி: அப்சர்வேஷன் நோட்டில் ரப்பரும் வெள்ளைத் திரவமும் கூடாது. பேனாவால் எழுத வேண்டும். மாற்ற வேண்டுமானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்.

தமிழ், வரலாறு, வணிகவியல் துறையினருக்கும் இது பொருந்தும். ஒரு கல்வெட்டின் படியைக் கையில் கொடுத்து உரையைக் கொடுக்காமல் இருங்கள். ஒரு மளிகைக்கடையின் ஒருவாரக் கணக்கைக் கொடுத்து வினாவைக் கொடுக்காமல் இருங்கள்.

படி 4: கேள்வி எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் வரட்டும்

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவர்கள் நம் வகுப்புகளில் ஏராளம். அவர்கள் வாய்திறக்காமல் இருப்பதைப் பார்த்து, ஆர்வமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். கேள்வி நோட்டைத் தமிழில் எழுதலாம் என்று சொன்ன வாரமே எழுதும் பக்கங்களின் நீளம் கூடுவதை நீங்களே பார்ப்பீர்கள். யோசிப்பதற்கு முன் மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இருந்தால், மொழிபெயர்க்கத் தெரிந்த கேள்வியை மட்டுமே ஒருவர் கேட்பார். தேர்வை எந்த மொழியில் எழுதினாலும், யோசிக்கும் நோட்டு அவர்களுடைய மொழியில் இருக்கட்டும்.

படி 5: குழுவில் உட்காருமுன் தனியே எழுதச் சொல்லுங்கள்

குழுவாகக் கூடி யோசித்தால் யோசனைகள் பெருகும் என்பது பரவலான நம்பிக்கை. யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இல் இதைச் சோதித்தார்கள். நால்வர் கூடி யோசித்த குழுக்களைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. குழுவில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தம் யோசனை மறந்துபோகும், அல்லது சொல்லக் கூச்சம் வரும். நம் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரர் இருவர் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஆகவே எட்டு நிமிடம் மௌனமாக ஒவ்வொருவரும் எழுதட்டும். பிறகு தாள்களைக் கைமாற்றிப் படிக்கட்டும். அதன் பிறகே பேச்சு. குழு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யோசனைகளை இணைப்பதற்கும் சலிப்பதற்கும் குழு நல்லது. பிறப்பிப்பதற்குத் தனிமை நல்லது.

படி 6: மார்க்கை இடம் மாற்றுங்கள்

மார்க் இல்லாத எதையும் மாணவர் பொருட்படுத்த மாட்டார். மார்க்குக்காக மட்டும் செய்தால் அதில் உயிர் இருக்காது. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் நாம் வழி காண வேண்டும்.

உளவியலாளர் தெரசா அமபில் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேர் சிறு கவிதை எழுதினார்கள். அதற்குமுன் சிலரைப் பணம், புகழ் போன்ற புறக் காரணங்களைச் சில நிமிடம் எண்ணிப் பார்க்க வைத்தார்கள். அவர்கள் எழுதியவை மற்றவர்களுடையதைவிடத் தரம் குறைந்திருந்தன. சில நிமிட நினைப்புக்கே இந்த விளைவு என்றால், மூன்றாண்டு முழுக்க மார்க்கையே நினைக்கும் மாணவரின் நிலை என்ன?

நடைமுறைக்கு வருவோம். பல பல்கலைக்கழகங்களில் கோட்பாட்டுத் தாளுக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 25-இல் அசைன்மென்ட்டுக்கு ஒதுக்கும் 5 மார்க்கைக் கேள்வி நோட்டுக்குக் கொடுங்கள். எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் அசைன்மென்ட் போனால் யாருக்கும் நட்டமில்லை. நோட்டில் கேள்விகள் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால் 3 மார்க். அது எந்தக் கேள்வியாக இருந்தாலும் சரி. ஒரு கேள்வியையாவது பின்தொடர்ந்து சென்ற தடம் இருந்தால் மீதி 2. விடை சரியா என்பதற்கு மார்க் இல்லை.

கடைசிச் சோதனையை மதிப்பிட, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் மார்க் போட வேண்டும். துறை தெரிந்தவர்கள் தனித்தனியே மதிப்பிட்டாலும் எது புதுமையானது என்பதில் பெரிதும் ஒத்துப்போவார்கள் என்று அமபில் காட்டியிருக்கிறார். பெரிய வேறுபாடு வந்தால் மூன்றாமவரைக் கூப்பிடாதீர்கள். இருவரும் மாணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். என் அனுபவத்தில் அந்தப் பேச்சுதான் செமஸ்டரின் சிறந்த வகுப்பாக அமையும்.

பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகள் இன்னும் ஒருபடி போகலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1968-இல் முதலாண்டு மாணவர்களுக்குத் தரநிலை (கிரேடு) போடுவதை நீக்கி, தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டும் பதிவுசெய்யத் தொடங்கியது. இன்றும் முதல் செமஸ்டரில் அந்த வழக்கம் இருக்கிறது. நம்மால் முழுச் செமஸ்டருக்கு முடியாது. ஒரு தாளுக்கு முடியும்.

படி 7: பூட்டைத் திறங்கள்

லேப் மதியம் நாலு மணிக்குப் பூட்டப்படுகிறது. கருவி உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் நியாயமானது. அதனால் விலையுயர்ந்த கருவிகள் பூட்டிலேயே இருக்கட்டும். ஒரு மேசை, ஒரு சால்டரிங் இரும்பு, ஒரு பெட்டி திருகாணி, நூல், பழைய மோட்டார்கள், ஓர் எடைத்தராசு. உடைந்தால் போகட்டும் என்கிற பொருள்கள் மட்டும் வாரம் இரண்டு மாலை ஆறரை வரை திறந்திருக்கட்டும். பொறுப்பை மூன்றாமாண்டு மாணவர்களிடமே கொடுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2008-இல் தொடங்கிய புத்தாக்க மையம் மாணவர்களே நடத்தும் கூடமாக வளர்ந்தது. அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. சாவி மாணவர் கைக்குப் போவதுதான் முக்கியம்.

படி 8: இறுதியாண்டுப் புராஜெக்டைக் கடையிலிருந்து மீட்டெடுங்கள்

கடையில் ரொக்கம் கொடுத்தால் புராஜெக்டும் ரிப்போர்ட்டும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கான பதில்களும் கையில் கிடைக்கின்றன. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மாணவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடைசி செமஸ்டரில் மூன்று மாதத்தில், "வேலை செய்யும்" ஒன்றைக் காட்டினால்தான் மார்க் என்று வைத்தால், வேலை செய்யும் ஒன்றை வாங்கத்தான் செய்வார்கள்.

மாற்ற வேண்டியவை இரண்டு. தலைப்பைக் கேள்வி நோட்டிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு வழிகாட்டும் ஆசிரியரை ஓராண்டு முன்பே ஒதுக்க வேண்டும். வைவாவில் முதல் கேள்வி, "இதில் எது வேலை செய்யவில்லை? அதற்கு என்ன செய்தாய்?" என்று இருக்க வேண்டும். வாங்கிய புராஜெக்டில் தோல்வியின் கதை இருக்காது. தானே செய்தவர் அரைமணி நேரம் பேசுவார். ஓடாத கருவியோடு நேர்மையான குறிப்பேட்டைக் கொண்டுவந்தவருக்கு முதல் வகுப்பு மார்க் கொடுக்கத் துறை முன்வர வேண்டும். முதல் ஆண்டில் ஒரே ஒருவருக்கு அப்படிக் கொடுத்துப் பாருங்கள். செய்தி விடுதி முழுக்கப் பரவிவிடும்.

படி 9: பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது

1913-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்த ஒருவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டம் இல்லை, பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றவர். அவர் ராமானுஜன். பல்கலைக்கழகம் கேட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை. லண்டன் கப்பல் ஏறுமுன் அப்படி மூன்று அறிக்கைகள் கொடுத்தார். நேரம், பணம், யாரோ படிக்கப்போகிறார்கள் என்ற நிலை: நூறாண்டுக்கு முன்பே இந்தப் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தி இந்த மூன்றையும் கொடுத்திருக்கிறது. தேர்வில் தோற்றதும் ஒரு கல்விமுறையில்தான், கைதூக்கிவிட்டதும் அதே கல்விமுறைதான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கும் அந்த நேரம் வேண்டும். முப்பது கேள்வி நோட்டுகளைப் படிக்க வாரம் இரண்டு மணிநேரம் ஆகும். அதைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நோட்டு இன்னொரு ரெக்கார்டாகி, படிக்காமலே கையெழுத்து விழும். நானும் ஒரு செமஸ்டர் அப்படிச் செய்தேன். மாணவர்கள் இரண்டே வாரத்தில் கண்டுகொண்டு, பழையபடி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோக நான் எழுதிவைத்திருக்கும் தீர்மானம் இது. வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள்: "அனைத்து இளநிலைப் படிப்புகளிலும் ஒவ்வொரு செய்முறைத் தாளிலும் கடைசி இரண்டு வகுப்புகள் மாணவர் தாமே தேர்ந்தெடுத்த கேள்விக்கு ஒதுக்கப்படும். அவ்வகுப்புகளுக்கு முன்கூட்டியே அறியப்பட்ட விடை இருக்கக்கூடாது. கேள்வி நோட்டைப் படிக்கும் ஆசிரியருக்கு வாரம் இரண்டு மணிநேரம் பணிநேரமாகக் கணக்கிடப்படும்."